இல்லாட்டி அக்கா

கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் சமூகநலச் சங்கத்துக்கு ஒரு நாள் ஓர் அம்மா லட்டு டப்பாவோடு வந்தார். போன தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுத்தாராம். மகன் பரீட்சையில் தேறிவிட்டானாம். "முருகன் கைவிடல. குடம் எடுத்தேன், பையன் பாஸாயிட்டான்" என்று கண்கலங்கச் சொன்னார். நாங்கள் நாலைந்து பேர் கையில் லட்டோடு "ஆமாம்மா, ஆமாம்மா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தோம். மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கேட்டார்:

"இல்லாட்டி?"

"என்னாக்கா?"

"குடம் எடுக்காட்டி? அப்பவும் பாஸ் பண்ணியிருப்பானோ எண்டு கேக்கிறன்."

அந்த அம்மா டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு சங்கத்துப் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை. அக்காவோ தன் பங்கு லட்டைத் தின்றுகொண்டே, "நான் என்ன பிழையாக் கேட்டனான்?" என்றார். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அதுதான் ஆத்திரத்தைக் கிளப்பும்.

அன்றிலிருந்து அவர் இல்லாத நேரத்தில் நாங்கள் அவரை இல்லாட்டி அக்கா என்றுதான் சொல்வோம். இப்போது அவர் ஆஸ்திரேலியாவுக்குத் தங்கை வீட்டோடு போய்விட்டார். அவரைப் பார்த்துச் சில வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் கஷாயம் குடித்தேன், சளி போய்விட்டது என்று யாராவது சொன்னால் என் காதுக்குள் அந்தக் குரல் கேட்டுவிடுகிறது. நிம்மதியாக ஒரு கஷாயம் குடிக்க முடியவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பம் அவருடையது. மூன்று தலைமுறையாக இந்த நாட்டில் இருந்தும் வீட்டில் பேசிய பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை. கல்வி சம்பந்தமான ஓர் அரசாங்க அலுவலகத்தில், அடுத்த வருடம் எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை புத்தகம் அச்சடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் வேலை. முப்பது வருடம் அதைச் செய்துவிட்டு ஓய்வு பெற்று எங்கள் சங்கத்துக்கு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்திருந்தால் அந்த மனிதரிடமும் "என்னைக் கட்டாட்டி?" என்று கேட்டிருப்பார்.

கேட்பதோடு விட்டாலாவது பரவாயில்லை. ஒரு முறை நான் பக்கத்து ஊரான கிள்ளானிலிருந்து வந்த களைப்பில், "நல்லவேள, முன்னாடி ரயில்ல ஏறுனேன். இல்லன்னா கூட்டத்துல நசுங்கியிருப்பேன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் கூட்டத்துக்கு அக்கா முக்கால் மணி நேரம் தாமதம். கூட்டத் தலைவரே அவர்தான். வேர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்தவர், "கிள்ளானுக்குப் போய், நீங்கள் ஏறின ரயிலை விட்டிட்டு அடுத்ததில வந்தனான். அதிலயும் சனம் இல்லை. நீங்கள் சொன்னது பிழை" என்றார். எனக்கு அவரைக் கடிந்துகொள்வதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. எங்கள் சங்கத்தில் ஆறு பேர் சேர்ந்து கிளப்ப வேண்டிய எரிச்சலை அவர் ஒருவரே கிளப்பிவிடுவார்.

இப்படிப்பட்டவரிடம் போய் அந்தத் திட்டத்தை ஒப்படைத்தோமே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார். அவர் கடைக்குப் பக்கத்திலிருக்கும் மலிவு விலை ஃபிளாட்டில் நம் பிள்ளைகள் பள்ளி நேரத்தில் கீழே விளையாடிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. மாதா மாதம் ஒரு வீட்டுக்கு நூற்றைம்பது மலேசிய வெள்ளி கொடுக்கிறேன், பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை என்றார். ஒரு வருடம் பார்ப்பாராம். பலன் தெரிந்தால் தொடர்ந்து கொடுப்பாராம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் சங்கத்தின் செயலாளர். அந்த ஃபிளாட் எனக்குத் தெரிந்த இடம். என் அம்மா வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான்.

அந்த ஃபிளாட்டில் எனக்கு ஒரு வீடு மனசில் இருந்தது. தர்ஷினி என்று ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளை. அப்பா லோரி ஓட்டப் போய் எங்கோ வேறு குடும்பத்தோடு தங்கிவிட்டார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒன்றரை வயதில் ஒரு தம்பி. அம்மாவுக்குக் காலை ஷிப்ட் வந்தால் தர்ஷினிதான் தம்பியை வைத்துக்கொள்ள வேண்டும். மாதத்தில் பாதி நாள் அந்தப் பிள்ளை பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூன்றாவது மாடிக் கம்பிக்குள்ளிருந்து வேன் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். போகாத நாளில் ஏன் சீருடை போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். "ஒருவேள யாராச்சும் தம்பிய பாத்துக்கிறேன்னு சொன்னா, ஒடனே கெளம்பிடலாம்ல" என்றது. இந்தத் திட்டமே அந்தப் பிள்ளைக்காக வந்த மாதிரி இருந்தது எனக்கு.

ஹாஜியார் கடையின் மேல்மாடியில் முதல் கூட்டம். காசு கொடுத்தால் பிள்ளைகள் எத்தனை நாள் கூடுதலாக வருவார்கள் என்று அவர் கேட்டார். நான், "எல்லாரும் தெனமும் வந்துடுவாங்க ஹாஜியார்" என்றேன். வேறென்ன சொல்வேன்? ஹாஜியார் சிரித்துக்கொண்டே அக்காவைப் பார்த்தார்.

"மாசத்துக்கு ரெண்டு நாள் கூடும். மிஞ்சினா மூண்டு," என்றார் அக்கா. "வீட்டில கைக்குழந்தை இருந்தா அதுவும் இல்லை. கூட எதிர்பாக்காதேங்கோ."

ஹாஜியார் முகம் சுருங்கிவிட்டது. "இவ்வளவு காசுக்கு ரெண்டு நாளா?"

"அதுவும் காசாலதான் கூடினது எண்டு தெரிய வேணுமெண்டா, கொஞ்சப் பேருக்குக் குடுக்காமல் விட்டுப் பாக்க வேணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விண்ணப்பித்தவை முப்பத்தாறு வீடு. ஹாஜியார் காசு பதினெட்டு வீட்டுக்குத்தான் போதும். ரொம்பக் கஷ்டப்படுகிற பதினெட்டை நாமே தேர்ந்தெடுப்போம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னடா என்றால், குலுக்கல் போட வேண்டும், விழுந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும், விழாதவர்களை வருடம் முழுவதும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கடைசியில் இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்கிறார்.

"மனுசங்கக்கா அவங்க! எலியா, கூண்டுல வச்சிப் பாக்கறதுக்கு?"

"நீங்கள் தெரிவு செய்தா உங்களுக்குத் தெரிஞ்ச வீட்டைத்தான் எடுப்பியள்."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உண்மைதான், பட்டியலில் முதல் பெயராகத் தர்ஷினியைத்தான் எழுதி வைத்திருந்தேன். ஹாஜியாருக்குக் குலுக்கல் யோசனை பிடித்துப்போயிற்று. "நல்லது. பின்னால யாரும் நம்மள கொற சொல்ல முடியாது" என்றார். முடிந்தது கதை.

ஃபிளாட்டின் கீழே இருக்கும் பாலாய் ராயா என்னும் பொது மண்டபத்தில் குலுக்கல் நடந்தது. முப்பத்தாறு அம்மாக்களும் வந்திருந்தார்கள். அங்கே காலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் சரோஜாக்கா தன் வீட்டிலிருந்து ஒரு சில்வர் தூக்கைக் கொண்டுவந்து வைத்தார். பெயர் எழுதிய துண்டுகளை மடித்துப் போட்டு, மூடிக் குலுக்கி, யாரோ ஒருவரின் கைக்குழந்தையை எடுக்க வைத்தார். எல்லாவற்றையும் கைதேர்ந்தவர் மாதிரிச் செய்தார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டிச் சிரித்தார்கள். பெயர் வராதவர்கள்கூட முகத்தைத் தொங்கப்போடவில்லை. எவ்வளவு பெருந்தன்மை என்று நான் உருகிப்போனேன். அக்கா ஒரு காகிதத்தில் பெயர்களை இரண்டு பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்.

தர்ஷினியின் பெயர் வரவில்லை. அவள் அம்மா வேலைக்குப் போகும் சட்டையோடு வந்திருந்தார். பதினெட்டாவது பெயர் வாசித்ததும் எழுந்து, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். நான் அக்காவை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"ஒரே ஒரு வீட்ட சேத்துக்குவோம்க்கா. ஹாஜியார் காசு வேணாம், என் கையிலேர்ந்து குடுக்கறேன்."

"குடுத்தா அந்த வீட்டைக் கணக்கில சேக்கேலாது. உங்களுக்கு ஒரு வீடு, சரோஜாவுக்கு ஒரு வீடு எண்டு துவங்கினா பிறகு ஏன் குலுக்கினனாங்கள்?"

"அந்தப் புள்ள வருசம் பூரா தம்பிய இடுப்புல வச்சிக்கிட்டு நிக்கட்டும். நீங்க தாள்ல கோடு போட்டுக்கிட்டு உக்காந்திருங்க."

அக்கா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் அன்று ரயிலில் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் கையிலிருந்து கொடுக்கிறேன் என்று அவ்வளவு வீராப்பாகச் சொன்னேனே, அதற்குப் பிறகு தர்ஷினி வீட்டுக்கு நான் பத்து வெள்ளிகூடக் கொடுக்கவில்லை. அக்கா மேல் கோபப்படுவதிலேயே எனக்கு அந்த வருடம் போய்விட்டது.

மார்ச்சிலிருந்து மாதா மாதம் காசு போனது. அக்கா பள்ளிக்குப் போய் வருகைப் பதிவைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார். பதிவை மட்டும் நம்பினாரா? அதுவும் இல்லை. சில நாள் காலையில் பள்ளி வாசலில் போய் நின்று பிள்ளைகளைத் தலையெண்ணுவார். தலைமையாசிரியை எனக்கு போன் செய்து, "உங்க ஆளு கேட்டுல நிக்கிறாங்க, பிரின்சிபல் நானா அவங்களான்னு பெற்றோருங்க கேக்குறாங்க" என்று அலுத்துக்கொண்டார். நான் யாரிடம் போய் அலுத்துக்கொள்வது?

வருட முடிவில் அக்கா கணக்கோடு வந்தார். வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் குதூகலமாக இருந்தார்.

"நான் சொன்னது பிழைச்சுப்போச்சு," என்றார்.

"ரொம்பக் கூடிடுச்சா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"கூடினதுதான். ஆனா காசு கிடைச்ச வீட்டுப் பிள்ளையளும் கிடைக்காத வீட்டுப் பிள்ளையளும் ஒரே அளவுதான் கூட வந்திருக்கினம். ஒரு வித்தியாசமும் இல்லை. அப்ப காசால வந்தது எண்டு சொல்லேலாது."

"அப்படின்னா?"

"அப்பிடியெண்டா, குடுக்காட்டியும் வந்திருப்பினம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதை ஹாஜியாரிடம் சொன்னால் அடுத்த வருடம் ஐந்து காசு பெயராது. காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். தர்ஷினி பெயரில் விரல் நின்றது. காசு கிடைக்காத பக்கத்தில் இருந்தவள். ஏப்ரலிலிருந்து பாதி நாளுக்கு மேல் போயிருக்கிறாள். சில மாதங்களில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"இவ எப்படிக்கா போனா? தம்பிய யாரு பாத்துக்கிட்டா?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்ல," என்றார் அக்கா. மறுநாளே இரண்டு பேரும் கிள்ளானுக்கு ரயில் ஏறினோம்.

சரோஜாக்கா கடையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்டதும் அவருக்கு எங்கள் கேள்விதான் விளங்கவில்லை. உள்ளே போய் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் முப்பத்தாறு பெயரும் இருந்தன. இரண்டிரண்டு பெயராகச் சேர்த்து, ஒரு மாதம் இவருக்கு, மறுமாதம் அவருக்கு என்று வரிசை போட்டு டிக் அடித்திருந்தார்.

"மொத தடவ பேரு விழுந்தவங்க எடுத்தாங்க. அடுத்த மாசம் விழாதவங்க எடுத்தாங்க. கூட்டுன்னா அப்படித்தானேக்கா?"

கூட்டு என்றால் இங்கே தெரியாதவர் கிடையாது. பத்துப் பேர் மாதா மாதம் காசு போட்டு, குலுக்கலில் பெயர் வந்தவர் மொத்தத்தையும் எடுப்பார். இந்த மாதம் வராவிட்டால் அடுத்த மாதம் வரும். முறை வராமல் யாரும் போவதில்லை. சட்டம் வேண்டாம் என்கிறது. ஆனால் அது நடக்காத ஃபிளாட்டைக் காட்டுங்கள் பார்ப்போம். நாங்கள் தூக்கு வைத்துக் குலுக்கி, குழந்தையை விட்டு எடுக்க வைத்ததும், இது ஹாஜியார் காசு போடும் கூட்டு என்று அந்தப் பெண்கள் நினைத்துவிட்டார்கள். அதனால்தான் பெயர் வராதவர்களும் அன்றைக்குக் கைதட்டினார்கள். நானோ கிள்ளானில் பிறந்தவள், என் அம்மாவே கூட்டுப் பிடித்தவர். எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

"யாரும் மாட்டேன்னு சொல்லலியா?" என்றேன்.

"ரெண்டு பேரு மூஞ்சத் தூக்குனாங்க. நான் பேசுனேன்லா. ஒனக்கு மட்டும்தான் புள்ளையான்னு கேட்டேன், சரியாயிட்டாங்க. நீங்க யாரும் எங்கள கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

தர்ஷினியின் அம்மா தன் முறைக் காசைக் கீழ்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் பையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அதுதான் விஷயம்.

அக்கா அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவருடைய இரண்டு பக்கக் காகிதத்தை முப்பத்தாறு பெண்களும் சேர்ந்து ஒரு நாசி லெமாக் கடையில் வைத்துக் கலக்கிவிட்டார்கள். அதோடு ஒரு நிம்மதியும் எனக்கு வந்தது.

"அப்ப நல்ல சேதிதானேக்கா! எல்லாருக்கும் பாதிக் காசு போயிருக்கு, எல்லாப் புள்ளைங்களும் வந்திருக்காங்க. காசு வேல செஞ்சிருக்கு. தர்ஷினியே சாட்சி!"

"இந்த வருசம் பள்ளிக்கூடத்தில காலைச் சாப்பாடு துவங்கினவை. பிள்ளையள் அதுக்காகவும் வந்திருக்கலாம். காசு தொடாத வீடு எண்டு ஒண்டுகூட இல்லை. இனி ஆரோட ஒப்பிட்டுப் பாக்கிறது?" என்று படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஹாஜியாரைப் பார்க்கப் போகும் நாளில் நான் அக்காவிடம் சத்தியம் வாங்காத குறை. பிள்ளைகள் போன வருடத்தைவிட அதிக நாள் வந்தார்கள் என்பது உண்மை. அதை மட்டும் நான் சொல்கிறேன், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்றேன். "நான் ஒண்டும் சொல்லமாட்டன். அவர் கேட்டா மட்டும் சொல்லுவன்" என்றார். இந்த வாக்குறுதியை நம்பிப் போனேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். ஹாஜியார் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. தேநீர் வரவழைத்தார். அக்கா கைகளைக் கோத்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயை மூடிக்கொண்டிருக்கக்கூட ஒரு பாவனை வேண்டும்; அவர் இருந்த இருப்பைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத் தோன்றும். ஹாஜியாருக்கும் தோன்றியது.

"நீங்க ஒண்ணுமே சொல்லலியேம்மா?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒரு தவளையின் வாயால் முப்பத்தாறு வீடு கெட்டது. அக்கா குலுக்கலில் தொடங்கி, கூட்டு, சரோஜாக்காவின் நோட்டு, காலைச் சாப்பாடு என்று ஒன்றுவிடாமல் சொன்னார். காசைப் பங்கு போட்டது அந்தப் பெண்களின் தவறில்லை, சரியாக விளங்கவைக்காதது தன் தவறு என்றும் சொன்னார். தேநீர் ஆடை கட்டிவிட்டது.

"அப்ப, காசு குடுத்ததால வந்தாங்களா, இல்லியா?" என்று கேட்டார் ஹாஜியார்.

"இதை வச்சுச் சொல்லேலாது, ஹாஜியார்."

அவர் கோபப்படவில்லை. வியாபாரி, நிதானமாகத்தான் பேசினார். "நான் படிக்காதவன். நீங்க சொல்றது எனக்குப் பாதிதான் புரியுது. அடுத்த வருசம் புள்ளைங்களுக்கு பேக் வாங்கித் தந்துடறேன். பேக்குன்னா தோள்ல தொங்கும், கண்ணால பாத்துக்கலாம்" என்றார்.

படியிறங்கியதும் நான் வெடித்துவிட்டேன். நடுத்தெருவில், சேலை வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவில் நின்று கத்தினேன்.

"ஒங்க ஒரு வாயால எல்லாம் போச்சு! திருப்தியா? தர்ஷினி மறுபடி கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கப் போறா. ஒங்களுக்கு ஒங்க கணக்குதான் பெருசு!"

அக்கா, "நான் பொய் சொல்லியிருக்க வேணுமோ?" என்று கேட்டார். வாதத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆமா," என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு யோசித்தார். பிறகு ரயில் நிலையத்தின் பக்கம் நடந்தார். நான் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அக்கா சங்கத்துக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. மற்றவர்கள் கேட்டபோது, நிம்மதியாக இருக்கிறது, விடுங்கள் என்று சொன்னேன். கூட்டங்கள் சீக்கிரம் முடிந்தன. யாரும் எதையும் எதிர்த்துக் கேட்கவில்லை. அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவும் இல்லை. அந்த எரிச்சலையும் அவர் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

புதுப் பள்ளி ஆண்டு தொடங்கி இரண்டு மாதம் கழித்துத்தான் ஹாஜியாரின் பைகள் வந்து சேர்ந்தன. நீலப் பைகள், கடைப் பெயர் அச்சடித்தவை. நான்தான் பள்ளிக்குக் கொண்டுபோனேன். ஆறாம் ஆண்டு வகுப்பில் பெயர் வாசித்துக்கொண்டு வரும்போது தர்ஷினி பெயரை வாசிக்காமல் தாண்டிவிட்டேன். இருக்க மாட்டாள் என்று அவ்வளவு நிச்சயம். "ஆன்டி, என் பேரு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அவளேதான்.

பையைக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன். "தம்பிய யாரும்மா பாத்துக்கிறா? கீழ்வீட்டு அக்காவா?"

"அவங்க காசு இல்லாம பாக்க மாட்டாங்க. ஒரு ஆன்டி வராங்க. கோலாலம்பூர்லேர்ந்து ரயில்ல வருவாங்க."

"எந்த ஆன்டி?"

"அன்னிக்குக் குலுக்குனப்ப வந்தாங்களே. எதச் சொன்னாலும் திருப்பிக் கேள்வி கேப்பாங்களே, அவங்க."

மீதிப் பைகளை டீச்சரிடம் விட்டுவிட்டு ஃபிளாட்டுக்கு ஓடினேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு கதவைத் தள்ளினேன். அது சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே தரையில் பாயில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டி வலிக்காரர், தரையில் உட்காரவே மாட்டார். மடியில் அந்தப் பையன் குப்புறக் கிடந்தான். அவன் எச்சில் அக்காவின் சேலையில் வட்டமாக ஊறியிருந்தது. குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவர்கள் பிடிப்பது மாதிரி, கனமான பாத்திரத்தைப் போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"என்னாக்கா இது?"

"மெதுவாக் கதையுங்கோ."

"எத்தன நாளா வர்றீங்க?"

"பள்ளிக்கூடம் துவங்கினதில இருந்து. தாய்க்குக் காலை ஷிப்ட் வாற நாள் மட்டும்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடியற்காலையில் முதல் ரயில், பிறகு பஸ், பிறகு இந்த மூன்று மாடி. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்கள்தான் என்னோட கதைக்கிறேல்லையே."

நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். அந்த நேரத்தில் அவர் மட்டும் சும்மா இருந்திருந்தால் அங்கேயே அவர் காலில் விழுந்திருப்பேன். ஆனால் அவர் சும்மா இருப்பவரா?

"காசா, தம்பியா எண்டு பாக்க வேணும்," என்றார். "இந்த வீட்டுக்கு இப்ப காசு இல்லை. தம்பியை மட்டும் ஒராள் பாத்தா இவள் போறாளோ எண்டு பாக்கிறன்."

"போறாளா?"

"இதுவரைக்கும் ஒரு நாளும் தவறேல்லை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அன்பாக வந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பெண்மணிக்கு என்ன குறைந்துவிடும்? "ஒரே ஒரு வீட்ட வச்சிக்கிட்டு என்னாக்கா தெரியும்?" என்று கேட்டேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி மூக்கில் இறங்கிக் கிடந்தது. அதைத் தள்ளிவிட அவருக்குக் கை காலியாக இல்லை.

"ஒண்டும் தெரியாது," என்றார். "கதவைச் சாத்துங்கோ. இப்பத்தான் நித்திரையானவன்."